முருங்கைக்காயும் முதல் கொழும்புப் பயணமும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். கண் வைத்தியத்துக்காக முதல்முறையாகக் கொழும்புக்குப் போகிறேன். அங்கே ஒருவரையும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பெரியவர் இதைக் கேட்டறிந்துவிட்டுப் புத்தி சொல்கிறார்.

"றோட்டைத் தனியக் கடக்காதை, தம்பி. சனத்தோடை சேர்ந்து கட. பஸ் முழுசா நிக்குமெண்டு பாத்துக்கொண்டிராமல் இறங்கு. ஆர் என்ன தந்தாலும் வாங்காதை."

சொல்லி முடித்ததும் ஒரு முருங்கைக்காய்க் கட்டை என் கையில் தருகிறார். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

"கொழும்பிலை வெள்ளவத்தை பஸ் தரிப்பிலை என்ரை மகள் நிப்பாள். இதைக் குடு. அவள் உன்னை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள்."

"அவவுக்கு என்னைத் தெரியாதே, அண்ணை?"

"கட்டை உயத்திப் பிடி. முருங்கைக்காயோடை வேறை ஆர் இறங்கப்போகினம்?"

தைரியம் வந்து பஸ்ஸில் ஏறுகிறேன். முன் இருக்கையிலிருந்து பின் இருக்கை வரை, ஆட்களின் தலைக்கு மேல் முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.