நீர்யானை தட்டிய கதவு

எங்கள் பைண்டிங் கூடத்தில் மடிப்பக்கா அடுக்கிய புத்தகங்களைச் சரிபார்ப்பது எனக்குச் சம்பளத்தோடு கிடைத்த ஓய்வு. மற்றவர்கள் அடுக்கித் தள்ளுவதைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. ஒருத்தி தலைகீழாக வைத்திருப்பாள், இன்னொருத்தி ஓரம் மடங்கியது தெரியாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். அக்காவின் கட்டு வந்தால் மட்டும் நான் நிம்மதியாக டீ குடிப்பேன்.

வேலை இதுதான். அச்சாகி வரும் பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் கொண்ட ஒரு மடிப்பு கிடைக்கும். அதற்கு ஃபாரம் என்று பெயர். சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகம் என்றால் மூன்று ஃபாரம் வரும். மேஜை மேல் மூன்று குவியல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து, வரிசையாக வைத்து, மேஜையில் 'டொக் டொக்' என்று இரண்டு தட்டுத் தட்டி, ஓரம் சமமானதும் என் பக்கம் தள்ள வேண்டும். ஒவ்வொரு ஃபாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு உண்டு. வரிசை சரியாக இருந்தால் மூன்று கோடுகளும் படிக்கட்டு மாதிரி இறங்கும். படி உடைந்திருந்தால் புத்தகம் தப்பு. நாள் முழுக்க நான் பார்ப்பது இந்தப் படிக்கட்டைத்தான். கதையையும் படத்தையும் வேடிக்கை பார்த்தால் பிழைப்பு நடக்காது. என் மூக்கில் உட்கார்ந்திருக்கும் பூதக்கண்ணாடியால் எனக்குக் கண்ணாடி என்று பெயர். எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். அவர் வாயைத் திறந்தால் முதலில் விழுகிற சொல் அதுதான்.

மடிப்பக்கா கல்யாணத்துக்கு முன்பே இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். தாள் மடித்து மடித்து அவளுடைய வலது கட்டைவிரல் நகம் தட்டையாகிவிட்டது. "நெயில் பாலிஷ் போட நிறைய எடம் இருக்குடி" என்று அதைக் காட்டிச் சிரிப்பாள். புருஷன் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள்தான் அதிகம். ரொம்ப வருஷம் தவம் கிடந்து பெற்ற ஒரே பெண். ஆள் ஒல்லி, வாயைத் திறந்தால் சுருக்கென்று குத்தும், அதனால் எங்களுக்குக் குண்டூசி. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு வந்து மேஜைக்கு அடியில் உட்கார்ந்து துண்டுத் தாளில் கிறுக்கிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சித்தி, உங்க கண்ணாடிக்குள்ள நீங்க குட்டியா மாட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். கூடமே சிரித்தது. கோபப்பட முயன்றேன், முடியவில்லை.

அப்போதுதான் தூக்கத்தைத் தொலைத்த நீர்யானையின் புத்தகம் எங்களிடம் வந்தது. நீர்யானை ஒரு பெரிய கொட்டாவி விடுகிறது, அந்தக் கொட்டாவியில் அதன் தூக்கம் நழுவி விழுந்து மலைச்சரிவில் உருண்டு ஓடிவிடுகிறது. இது முதல் ஃபாரம். இரண்டாவது ஃபாரத்தில் நீர்யானை அதைத் தேடிக்கொண்டு போகிறது. ஒட்டகச்சிவிங்கியிடம் கேட்டால், 'என் தூக்கமே பாதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது' என்று அலுத்துக்கொள்கிறது. வௌவால் பெருந்தன்மையாகத் தன் தூக்கத்தைக் கடன் கொடுக்கிறது. அதை வாங்கிக்கொண்டு நீர்யானை தலைகீழாகத் தொங்கப் போய், கிளை முறிந்து, பாவம் வௌவால் அடியில் சிக்கிக்கொள்கிறது. நத்தை வீட்டில் கால் கட்டைவிரல்கூட நுழையவில்லை. கடைசியில் குன்றின் மேல் ஒரு சின்ன நீலக் கதவு. நீர்யானை தட்டுகிறது. டொக் டொக். உள்ளே யார்? அதோடு இரண்டாவது ஃபாரம் முடியும்.

அந்த முறை ஒரே ஒரு புத்தகம் தப்பாகத் தைக்கப்பட்டு அட்டையும் ஒட்டி வந்துவிட்டது. இரண்டாவது ஃபாரம் இரண்டு தடவை இருந்தது, மூன்றாவது இல்லை. நான் அன்றைக்கு லீவு என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். கழித்துப்போட்டதை அக்கா கேட்டாள். அவசரம், "எடுத்துக்கிட்டுப் போம்மா, சீக்கிரம்" என்றார். குண்டூசிக்குக் கிடைத்த புத்தகம் அதுதான்.

அவளுக்கு அதில் குறையே தெரியவில்லை. நீர்யானை ஒரு சுற்று போய்க் கதவைத் தட்டுகிறது, மறுபடியும் ஒரு சுற்று போய்க் கதவைத் தட்டுகிறது, புத்தகம் முடிந்துவிடுகிறது. அடுத்த விடுமுறையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

"ரெண்டாவது தடவ போறது நீர்யானை இல்ல சித்தி. அதே மாதிரி இருக்கும், ஆனா வேற ஆளு."

"ரெண்டும் ஒரே அச்சுடி. ஒரே மிஷின்ல அடிச்சது."

"உங்களுக்குப் படமே பாக்கத் தெரியல. மொதல்ல போறது தூக்கத்தத் தேடுது. ரெண்டாவதா போறது நீர்யானையத் தேடுது."

"சரி, கதவுக்கு உள்ள யாரு?"

"அம்மாவுக்குத் தெரியும். நான்தான் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். நானே கண்டுபிடிக்கணும்."

தினமும் ஒரு ஆளைக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் குழாய் ரிப்பேர் செய்பவர், ஒரு நாள் வகுப்பு டீச்சர், ஒரு நாள் லாரியை நிறுத்திவிட்டு ஒளிந்துகொண்டிருக்கும் அப்பா. அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கதவை 'டொக் டொக்' என்று தட்ட வேண்டும். உள்ளேயிருந்து, "யாரு?" என்று கேட்ட பிறகு, அம்மா என்றில்லாமல் வேறு ஏதாவது ஒரு பெயர் சொன்னால்தான் கதவு திறக்கும்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. வந்தது போகவில்லை. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். அக்கா பாதி நாள் ஆஸ்பத்திரியிலும் பாதி நாள் மேஜையிலுமாக அல்லாடினாள். நாங்கள் மாற்றி மாற்றி அவள் வேலையைப் பார்த்தோம். எங்களால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது. குண்டூசி போய்ச் சேர்ந்தாள். அந்தப் புத்தகத்தையும் அவள் கூடவே வைத்து அனுப்பினார்கள். ஏழு வயசுப் பிள்ளையை இப்படிப் பிடுங்கிக்கொள்வதில் யாருக்கு என்ன லாபம்?

திரும்பி வந்த மடிப்பக்கா பழைய மடிப்பக்கா இல்லை. அடுக்கினாள், ஆனால் தட்டவில்லை. அவளிடமிருந்து வரும் கட்டுகளில் ஓரம் கோணலாக, ஒன்று முன்னே ஒன்று பின்னே நின்றது. நான் வாயை மூடிக்கொண்டு அவளுக்கும் சேர்த்துத் தட்டினேன். ஆனால் தையல் மிஷின்காரர் சும்மா இருப்பாரா? மேலே போய்ச் சொல்லிவிட்டார். அவசரம் கெட்ட மனுஷர் இல்லை. அன்றைக்கு அவசரமே படாமல் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னொரு தடவ தப்பு வந்தா என்னால மேல பதில் சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் மனசத் தேத்திக்க."

அக்கா தலையாட்டினாள். இந்த வேலையும் போய்விட்டால் அந்தக் காலி வீட்டில் அவள் நாள் முழுக்க என்ன செய்வாள் என்பதுதான் எங்கள் எல்லோருடைய பயமும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீர்யானைப் புத்தகம் மறு அச்சுக்கு வந்தது. நான் படம் பார்க்காதவள், கவனிக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கட்டை இழுத்து வைத்துக் கோட்டைப் பார்த்தேன். முதல் கோடு, அதற்குக் கீழே இரண்டாவது, மூன்றாவதும் அதே மட்டத்தில். படி இறங்கவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கட்டு முழுவதும், அதற்குப் பின்னால் இருந்த கட்டுகளும் அப்படியே இருந்தன.

"அக்கா! கண்ண எங்க வெச்சுக்கிட்டு அடுக்கற? அவசரம் பாத்தா வீட்டுக்கு அனுப்பிடுவாரு!" என்று கத்திக்கொண்டே அவள் மேஜைக்குப் போனேன். முதல் குவியல் பாதியாகியிருந்தது. இரண்டாவதிலிருந்தே இரண்டிரண்டாக எடுத்து வைத்ததில் அது அடிவரை தேய்ந்திருந்தது. மூன்றாவது குவியல் வந்த உயரம் குறையாமல் நின்றது. அதன் மேல் பழுப்புத் தாளைப் போட்டு மூடி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம் மேலே தெரிந்தது. நீர்யானை கண் மூடிப் படுத்திருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியும் வௌவாலும் நத்தையும் சுற்றி நிற்கின்றன. 'ஷ்' என்று ஒரே ஒரு சொல்.

"மூடிடு கண்ணாடி" என்றாள் அக்கா. "வந்ததுலேர்ந்து எல்லாரும் என்னச் சுத்தி அப்படித்தான் நிக்கறீங்க."

பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

"கடைசி நாள் கேட்டா. அதுவரைக்கும் சொல்லாத சொல்லாதன்னவ, அன்னிக்கு, அம்மா நீயே சொல்லிடு, உள்ள யாருன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? உள்ள தூக்கம், கதவு தெறந்ததும் நீர்யானை கண்ண மூடிடும், கத முடிஞ்சுதுன்னு சொல்லவா? அந்தக் கட்டில்ல படுத்திருக்கற பிள்ளைகிட்டயா? எனக்குத் தெரியாதுடின்னு சொல்லிட்டேன். நீதானே புக் செய்யற, உனக்கே தெரியாதான்னு கேட்டா. முகம் வாடிப்போச்சு. மறுநாள் காலைல அவ இல்ல."

சொல்லிவிட்டுத் தன் தட்டை நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிச்சியாக்கா?"

"எங்க படிக்கறது? மடிச்சு வந்தா வெளிப்பக்கம் ரெண்டும்தான் தெரியும். மொதப் பக்கத்துல கதவு தெறக்குது. கடைசிப் பக்கத்துல தூங்கிடுது. நடுவுல என்ன இருந்தா என்ன?"

எனக்கு ஏன் அப்படித் தோன்றியதோ தெரியவில்லை. மேலே இருந்த ஒரு ஃபாரத்தை எடுத்து, மடிக்கும் தட்டைக் குச்சியைச் செருகி ஒட்டியிருந்த மடிப்புகளைக் கிழித்தேன். ஒன்றைக் கிழித்ததற்கு அவசரம் என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்று இருந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் குரல் எனக்குக் கிடையாது, திட்டிப் பழகிய குரல். அந்தக் குரலிலேயே வாசித்தேன்.

கதவு திறந்தது. உள்ளே தூக்கம் உட்கார்ந்திருந்தது. பஞ்சு உருண்டை மாதிரி இருந்தது. அழுது அழுது அதன் மூக்குச் சிவந்திருந்தது.

'எங்கே போனாய் நீ?' என்று தூக்கம் கேட்டது. 'விழுந்த இடத்திலிருந்து உன்னைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கியிடம் போனேன். வௌவாலிடம் போனேன். நத்தை வீட்டை எட்டிப் பார்த்தேன்.'

'நானும் அங்கெல்லாம் போனேனே!' என்றது நீர்யானை.

'நீ ஒரு சுற்று, நான் ஒரு சுற்று' என்றது தூக்கம். 'நீ வந்து தட்டாவிட்டால் இன்னொரு சுற்றும் வந்திருப்பேன்.'

நான் நிறுத்திவிட்டேன். அக்கா என் கையிலிருந்து தாளை வாங்கினாள். எழுத்தின் மேல் விரலை வைத்து, அந்த வரியைத் தானே ஒரு தடவை மெதுவாகப் படித்தாள்.

"சொன்னாளே" என்றாள். "ரெண்டாவது சுத்துல போறது வேற ஆளுன்னு சொன்னாளே. நீர்யானையத் தேடிக்கிட்டுப் போகுதுன்னு சொன்னாளே கண்ணாடி. எல்லாம் அவளாவே கண்டுபிடிச்சுட்டா. சரிதாண்டின்னு ஒரு வார்த்த நான் சொல்லல."

அப்போதுதான் அழுதாள். மேஜையில் தலை கவிழ்ந்து, வாய்விட்டு, ஒரு பொம்பளை எப்படி அழக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்களோ அப்படி அழுதாள். கூடத்தில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவசரம் ஓடி வந்தார், உடைந்த படிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் அவரை முறைத்த முறைப்பில் கண்ணாடியே விரிசல் விட்டிருக்க வேண்டும். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு கட்டைப் பிரிக்க உட்கார்ந்தார்.

நாங்களும் உட்கார்ந்தோம். அதிகப்படியாக இருந்த ஃபாரத்தை எல்லாப் புத்தகத்திலிருந்தும் உருவி எடுத்தோம்.

"மூணாவத நாங்க வெக்கறோம், நீ வீட்டுக்குப் போக்கா" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம். எந்த வீட்டுலயாவது ஒரு பிள்ள கேக்கும். கேக்கறப்ப அவ அம்மா கையில பதில் இருக்கணும். நானே வெக்கறேன்."

பழுப்புத் தாளை எடுத்து மடித்துக் கீழே போட்டாள். தூங்கும் நீர்யானையை ஒரு கணம் பார்த்தாள். முதல் ஃபாரம், இரண்டாவது, அதன் மேல் மூன்றாவதை வைத்தாள். மூன்றையும் இரண்டு கையாலும் பிடித்து, அத்தனை நாளுக்குப் பிறகு, மேஜையில் தட்டினாள்.

டொக் டொக்.

தட்டிவிட்டு, கையை எடுக்காமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். உள்ளேயிருந்து யாராவது 'யாரு?' என்று கேட்பார்களா என்று காத்திருப்பவளைப் போல நின்றாள். நாங்கள் யாரும் அசையவில்லை. பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.