ரெண்டாம் நம்பர் கலர்

பர் துபாயில் நான் இப்போது வேலை பார்க்கும் கட்டடத்தில், போன வாரம் கக்கூஸ் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டினார்கள். சிறுநீரின் நிறம், எட்டுக் கட்டங்களில். முதல் கட்டம் ஏறக்குறைய வெறும் தண்ணீர். எட்டாவது கட்டம், அடுப்பிலேயே மறந்துபோன, பால் விடாத கட்டஞ்சாயா. வெயிலில் வேலை செய்கிறவன் தன் கட்டத்தைப் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டுமாம். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். நான் பழைய ஸ்கூல் போட்டோவைப் பார்த்தவன் மாதிரி நின்றுவிட்டேன். வெளியே நின்றவன் கதவைத் தட்டி, "யல்லா பாய்" என்றான். அவனுக்கு என்ன அவசரமோ.

அந்த மாதிரி ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஒருவர் ஃபுட்பால் டீம் நடத்தினார் என்றால் நம்புவீர்களா?

கத்தாரில், ராஸ் லஃபானில் நான் ஹெல்பராக இருந்த காலம். எங்கள் கேம்ப்பில் ஸ்டோர் கீப்பர் ஸ்டீபன் அண்ணன். குளச்சல் பக்கம். ஊரில் ஒரு காலேஜில் ஆறு வருஷம் ஃபுட்பால் கோச். ஒரு நாள் மைதானத்தில் புதுக் கட்டடம் கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். மைதானம் போன பிறகு கோச் எதற்கு? ஆளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மச்சான் ஒருவர் விசா அனுப்ப, விசிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கத்தார் வந்து, ஹெல்மெட்டும் கையுறையும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கையுறை வாங்கப் போனால் முதலில் காலைத்தான் பார்ப்பார். என்னை அவர் பிடித்தது வேறு விதம். வழக்கம் போல நான் டூட்டி பஸ்ஸைத் தவறவிட்டுப் பின்னாலேயே துரத்தி ஓடுவதை ஒரு வாரம் கவனித்திருக்கிறார். "லே, நீ பஸ்ஸ வெரட்டுக மாரி பந்த வெரட்டினா போதும்லே" என்றார். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு, என்னிடம் ஏதோ இருக்கிறது என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். அது சோம்பேறித்தனத்தால் வந்த ஓட்டம் என்பதை நான் சொல்லவில்லை.

டீம் என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ரெண்டு சீசனில் மூன்று மாட்ச் ஜெயித்தோம். அதில் ஒன்று, எதிர் டீமின் பஸ் வழியில் நின்றுபோனதால் ஜெயித்தது.

ஆனால் கோச்சுக்கு ஒரு சட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை மாட்சுக்கு முன்னால், மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த திட்டில் ஆளுக்கொரு பேப்பர் கப், பேர் எழுதி வைக்க வேண்டும். என்ன நிரப்பி என்று உங்களுக்கே புரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ரெண்டாம் நம்பர் வரை விளையாடலாம். மூன்று என்றால் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ரூமுக்குப் போய்ப் படுக்க வேண்டும். மற்ற கேம்ப்காரர்கள் எங்களை லேப் டெஸ்ட் டீம் என்று கூப்பிடுவார்கள். கோச் சட்டை செய்ய மாட்டார். காலேஜில் அவரிடம் விளையாடிய பையன் ஒருவன் வெயிலில் சுருண்டு விழுந்து, பிழைப்பதே பெரும்பாடாகிவிட்டதாம்.

இப்படி இருக்கையில் ஒரு சேதி வந்தது. தோஹாவில் ஒரு காலேஜுக்கு கோச் தேடுகிறார்கள். அங்கிருந்து ஒரு மலையாளி சார் வெள்ளிக்கிழமை எங்கள் மாட்சைப் பார்க்க வருகிறார். அன்று கோச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டார். அவர் சட்டைக்கு அப்படி ஒரு நிறம் உண்டென்பதே அன்றுதான் தெரிந்தது.

எனக்கோ அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். என் கப்பைப் பார்த்தேன். ஆறாம் நம்பர், கூச்சமே இல்லாமல். நான் இல்லாவிட்டால் முன்வரிசையில் ஓட ஆள் இல்லை. கோச்சுக்கு அந்த தோஹா வேலை கிடைக்காமல் போய்விடும். கோல் கீப்பர் முருகானந்தம் என் ரூம்மேட். ஏசி போட்ட டூல் ரூமில் உட்கார்ந்து ஒட்டகம் மாதிரி தண்ணீர் குடிக்கிறவன். அவனிடம் போய் நின்றேன்.

"ரத்தம் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன் மாப்ள" என்றான். "இதுல ஒரு மானம் இருக்குடா."

ஒரு வாரம் அவன் வேலைக்குப் போடும் கவராலைத் துவைத்துத் தருவதாகச் சொன்னேன். மானம் இறங்கி வந்தது.

திட்டில் என் பேர் எழுதிய கப் பளிச்சென்று இருந்தது. கோச் அதைக் கையில் எடுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு, "ரெண்டு. எறங்கு" என்றார்.

பாதி மாட்ச் வரை ஓடினேன். அப்புறம் தொடை இறுகியது, வியர்வை நின்றுபோனது, மைதானம் சாய்ந்தது. கண் விழித்தபோது கேம்ப் ஆம்புலன்ஸில் இருந்தேன். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டை. ஆண்டவரே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, கை எழும்பவில்லை. மலையாளி சார் அங்கே உட்கார்ந்திருக்க, கோச் இங்கே வந்துவிட்டார்.

கிளினிக்கில் டிரிப்ஸ் ஏறும்போது உண்மையைச் சொன்னேன். அவர் டிரிப்ஸ் ஸ்டாண்டை என் பக்கம் இழுத்துவிட்டார்.

"எனக்குத் தெரியும் மக்கா. ஒரு வாரம் வெயில்ல கெடந்தவனுக்கு அந்தக் கலரு வராது" என்றார். "எனக்கும் அந்த வேல வேணும்னு இருந்துச்சு. அதான் கண்ண மூடிக்கிட்டேன். தப்பு ஒனக்கு மட்டும் இல்ல, கேட்டியா."

அப்போது முருகானந்தத்திடமிருந்து போன் வந்தது. கோச் போன பிறகு எங்கள் ஆட்கள் ரெண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்களாம். இவர் இல்லாமலே ஜெயிக்கிற டீமுக்கு இவர் எதற்கு என்று மலையாளி சார் நினைத்தாரோ என்னவோ, அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது. டீம் ஜெயிக்க வேண்டுமென்றால் கோச்சை ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள் என்று அந்த சீசன் முழுக்க நான்தான் அதிகம் கிண்டல் செய்தேன். வாய் சும்மா இருந்தால் அழுதுவிடுவேனோ என்று பயம். அவரும் சிரிப்பார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து, கப் நிரப்பும்போது கதவுக்கு வெளியே அவரே நின்றார்.

இப்போது அவர் பஹ்ரைனில், ஈசா டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோச். பிள்ளைகள் இங்கிலீஷில் பதில் சொல்கின்றன, பாதி புரியவில்லை என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். டிரெஸ்ஸிங் ரூம் கதவில் அட்டை ஒட்டியிருக்கிறாராம்.

எங்கள் மைதானம் இருந்த இடத்தில் இன்று பைப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். திட்டை இடித்துவிட்டார்கள். முருகானந்தம் கலாஸ், போதும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நான் ஓடுவதற்கு இங்கே பஸ்கூட இல்லை. ரூமுக்குக் கீழேயே சைட். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் என்னிடம் ஐடி கேட்கிறார்கள், டைம் ஷீட் கேட்கிறார்கள். தண்ணீர் குடித்தாயா என்று கேட்க ஆள் இல்லை.

அதனால் அந்தக் கக்கூஸ் கதவுக்குள் நிற்கும்போது நானே அட்டையைப் பார்த்து, வெளியே நிற்கிறவன் காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்று, ஒருமுறை சொல்லிவிட்டு வருகிறேன்: "ரெண்டு, கோச்சு. நெசமாவே ரெண்டு."