செலின் டீச்சரின் ஆராய்ச்சியில் என் பெயரில் இருக்கும் பொய்

செலின் டீச்சர் இன்று காலை போய்விட்டார். பட்டர்வொர்த்தில், தன் வீட்டில். ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

அவருக்கு ஐம்பத்திரண்டு. எனக்குத் தொண்ணூற்று நாலு. வரிசை தப்பிவிட்டது…

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்வது நான், போனில் தட்டுவது என் மருமகள். ஒரு சொல்லையும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

டீச்சர் பி.எச்.டி. படித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துப் பினாங்குத் துறைமுகத்தில் எழுத்துத் தெரியாத தமிழாட்கள் கடிதம், கைநாட்டு என்று எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. ரெண்டு வருஷம், சனிக்கிழமை சனிக்கிழமை ஃபெர்ரி ஏறி, பஸ் பிடித்து, ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தார்.

இந்த வயசில் என்னத்துக்குப் படிப்பு என்று முதல் நாளே கேட்டேன். "இந்த வயசுல நீங்க என்னத்துக்குச் சுருட்டு பிடிக்கிறீங்க தாத்தா?" என்றார்.

நான் சொன்னதை எழுதிக்கொண்டு போவார். அடுத்த வாரம் வந்து முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டுவார். படிக்கத் தெரியாத ஆளின் பெயரில், அவன் காதால் கேட்காத ஒரு வரியும் அச்சுக்குப் போகக்கூடாது என்பார்.

போன மாதம் டீச்சர், சவரிமுத்து அண்ணனைப் பற்றிய பகுதியை வாசித்தார்.

ஜப்பான்காரன் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பு. எனக்குப் பதினேழு. படகிலிருந்து கிட்டங்கிக்கு மூட்டை தூக்கும் வேலை. ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் எங்களை மேய்க்கும் மண்டோர் கைக்குத்தான் போகும். அவர்தான் பிரித்து வாசிப்பார். வேலைக்கு ஆள் குறையக்கூடாது என்றால், ஊரில் செத்தவர்கள் அவர் வாயில் உயிரோடு இருப்பார்கள்.

சவரி அண்ணன் எங்களோடு மூட்டை தூக்கியவர். மத்தியானச் சோறு தின்றதும் கிட்டங்கித் தரையில் கரிக்கட்டியால் எழுத்து எழுதிக் காட்டுவார். ஏழெட்டு ஆட்கள் குந்தியிருந்து பார்ப்பார்கள்.

அதில் மாரியப்பன் என்று ஒருவர். தன் பெயரை அடையாளம் காணும் அளவுக்குத் தேறியிருந்தார். மண்டோரின் தகரப்பெட்டியிலிருந்து தன் கடிதத்தை உருவி வந்து சவரி அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் எல்லார் முன்னாலும் வாசித்தார். மாரியப்பனின் பெண்சாதி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முந்தின வாரம்தான் அதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சௌக்கியம் என்று மண்டோர் வாசித்திருந்தார்.

மாரியப்பன் மூட்டைக் கொக்கியோடு பாய்ந்தார். மண்டோரின் தோள்சதை கிழிந்து தொங்கியது. மண்டோரின் ஆட்கள் மாரியப்பனை மிதித்த மிதியில் ஒரு கண் போனது. பிறகு சவரி அண்ணனை இழுத்து வந்தார்கள்.

டீச்சர் வாசித்ததில் இதுவரை சரி. அடுத்த வரி, நான் குறுக்கே விழுந்து தடுத்தேன், என்னையும் அடித்தார்கள் என்று இருந்தது. நான் சொன்னதுதான். என் பொய்யை அவ்வளவு நல்ல தமிழில் கேட்க முடியவில்லை… நிறுத்தச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

நான் தடுக்கவில்லை.

மண்டோர் என்னைப் பார்த்து, "டேய், உனக்கு வெயில்ல மூட்டையா, நிழல்ல வாசக்காவலா?" என்று கேட்டார். சவரி அண்ணனின் வலது கையைத் தராசின் இரும்புத் தட்டில் வைத்து ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி அடிக்கும் சுத்தியலை நான் எடுத்தேன். விரல் விரலாக. மூன்றாவதில் எலும்பு வெளியே வந்தது. "தம்பி… போதும்டா" என்றார். ஐந்தையும் முடித்தேன்.

மறுநாளிலிருந்து எனக்கு மூட்டை இல்லை. அண்ணனுக்குக் கை அழுகியது. மூன்றாம் வாரம் செத்தார். வீட்டில் ஒரு கைக்குழந்தை. அதன்பின் கிட்டங்கியில் யாரும் கரியைத் தொடவில்லை.

டீச்சர் ரெக்கார்டரை நிறுத்தினார். நான் செத்த பிறகு எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

"அவரு பேரப்பிள்ளைங்களையும் நான் பேட்டி எடுத்திருக்கேன். அவங்க இத இப்பிடியே படிச்சிட்டு உங்களுக்கு நன்றி சொல்வாங்க லா. அதுக்கா நான் படிக்கிறேன்?"

டீயைத் தொடாமல் எழுந்தார். "ஒரு மாசம் தர்றேன். நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க தாத்தா" என்றார். அதுதான் கடைசி.

அந்த மாதம் வருகிற சனிக்கிழமை முடிகிறது. நான் சொல்லியிருக்க மாட்டேன். இன்று செய்தி கேட்டதும் முதலில் வந்தது அழுகை இல்லை… தப்பித்தோம் என்ற நிம்மதி. அந்த நிம்மதி வந்த பிறகுதான் மருமகளைக் கூப்பிட்டேன்.

டீச்சரின் காகிதங்களை எடுத்து வைப்பவர்களுக்கு: என் பெயர் கருப்பையா. தடுத்தேன் என்ற வரியை எடுத்துவிடுங்கள். சவரிமுத்துவின் விரல்களை உடைத்தவன் நான் என்று போடுங்கள்.

மருமகள் தட்டுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்கிறாள். தட்டும்மா என்றேன்.

நாளை அடக்கம். சவரி அண்ணனின் பேரப்பிள்ளைகளும் வருகிறார்களாம். காலை முதல் ஃபெர்ரியில் நான் வருகிறேன்.

போய் வாருங்கள் டீச்சர்.