கியர்க்காரரின் பெரிய மனசு

கியர்க்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கனரக லாரிகளில் காலம் தள்ளியவர். முழு லோடோடு மேடு ஏறும்போது அவர் கியர் மாற்றினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கையில் இருக்கும் தேநீர் தளும்பாது என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, அவரேதான் சொல்வார். கேட்டவர் எழுந்து போன பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் கைக்குக் கடைசியில் வந்து சேர்ந்தது கியரே போட வேண்டாத வண்டி. முதுகுவலி வந்து லாரியை விட்டதும், கட்டில் பீரோ விற்கும் கடை ஒன்றுக்குச் சாமான்களை வீடு வீடாக இறக்கும் வேலையைப் பிடித்தார். அதற்கு வண்டி தேடியபோது மனைவியின் தம்பி தன் டீசல் பிக்கப்பைக் கொடுத்தான். தண்ணீர் மோட்டார் பொருத்துகிற பிழைப்பு அவனுக்கு. வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தான். "அத்தான், இது ஆட்டோமேட்டிக். கிளச்சே கிடையாது. உங்க முதுகுக்கு இதுதான் சரி" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தான். அந்த நல்லெண்ணத்துக்கு அவனுக்குக் கிடைத்த பட்டம் ஏமாற்றுக்காரன்.

ஏனென்றால் இவர் கைக்கு வந்த நாள் முதலே வண்டி மந்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமும், வண்டி யோசிக்கும். ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்குப் போவதற்குள், வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று தயங்கும் விருந்தாளி மாதிரி இழுக்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். போதாததற்குப் பிரேக் பேடுகள் சீக்கிரமே தேய்ந்தன. சக்கரத்துப் பக்கம் கருகல் வாடை வேறு. "நானே கியர் போட்டிருந்தா இந்நேரம் போய் இறக்கிட்டுத் திரும்பியிருப்பேன்" என்று கியர்க்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

அவர் மனைவி தையல் கடையில் வேலை பார்ப்பவள். காலையில் அவளுடைய ஸ்கூட்டர் பிக்கப்புக்குப் பின்னால்தான் போகும். ஒருநாள் கேட்டாள்.

"என்னங்க, உங்க வண்டிக்குப் பின்னாடி சிவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குதே. பிரேக் போட்டுக்கிட்டேவா போறீங்க?"

"பிரேக் போட்டுக்கிட்டு எவனாவது வண்டி ஓட்டுவானா? வயரிங் கோளாறு. அதையும் மறைச்சுத்தான் என் தலையில கட்டியிருக்கான் உன் தம்பி."

ஆக, தம்பி செய்த குற்றங்களோடு இன்னொன்று கூடியது. ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று அவளுக்கு ஆகிவிட்டது.

அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். அவன் பார்க்க வந்தால் கியர்க்காரர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். தூங்குகிறார் என்று அவள் சொல்வாள். பட்டப்பகலில் இருமிக்கொண்டே தூங்குகிற மனிதரைப் பற்றி அவனும் எதுவும் கேட்க மாட்டான். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டான். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவனோடு போனில் பேசுவதோடு சரி. அதற்கும் முடிவு கட்டப் பார்த்தார் இவர்.

"மெக்கானிக் வாயால கியர்பாக்ஸ் போச்சுன்னு ஒரு வார்த்தை வரட்டும். ஞாயித்துக்கிழமை வண்டியை உன் தம்பி வாசல்ல நிறுத்தி, சாவியை மூஞ்சியில எறிஞ்சிட்டு வந்துடறேன். அதோட அவனுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

அவனுக்கும் எனக்கும் என்று சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நமக்கும் என்றாரே, அதில்தான் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் கியர் ஆயிலைப் பார்த்தார். கொஞ்சம் கறுத்திருந்தது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார். கியர்க்காரர் ஓட்டிப் பார்த்தார், மந்தம் போகவில்லை. பிறகு மெக்கானிக் தானே ஓட்டிப் பார்த்தார். வண்டி வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பார்த்தியா தந்திரத்தை? உன்னைப் பார்த்ததும் நடிக்குது" என்றார் கியர்க்காரர்.

"நடிக்கட்டும். இப்ப நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

கியர்க்காரர் ஓட்டினார். வண்டி பழையபடி இழுத்தது. மெக்கானிக் குனிந்து கீழே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, அந்த இடது கால் அங்க என்ன பண்ணுது?"

கியர்க்காரரும் பார்த்தார். முப்பது வருஷம் கிளச்சை மிதித்த கால். அதற்கு இந்த வண்டியில் வேலை கிடையாது. அது சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற பிறகும் தினம் ஆபீசுக்குக் கிளம்புகிறவரைப் போல, பக்கத்தில் அகலமாக இருந்த பிரேக்கின்மேல் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"முழுசா அழுத்தல, சும்மா வெச்சிருக்கீங்க. அதுவே போதும். போன்னு ஒரு கால் சொல்லுது, நில்லுன்னு ஒரு கால் சொல்லுது. வண்டி யார் பேச்சைக் கேக்கும்?"

காலை எடுத்தார். பிக்கப் சிட்டாகப் பறந்தது. கியர்க்காரருக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் அவமானமாக இருந்தது.

"இது நமக்குள்ள இருக்கட்டும்பா."

"நான் எங்க சொல்லப் போறேன். பேடு மாத்தினப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

மறுநாள் மாலை மனைவி ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கேட்டாள். "இன்னிக்கு அந்த லைட்டு எரியலையே?"

"ஆயில் மாத்தியாச்சு."

"ஆயில் மாத்தினா லைட்டு அணையுமா?"

அவர் முகம் கழுவப் போய்விட்டார். அங்கே வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அவரே அவளைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினார். "தப்பு என் மேலதான்ப்பா" என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பழகினார். சொல்லக் கஷ்டமான வாக்கியம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த மனைவி சாலையைப் பார்க்கவில்லை. இருக்கையை ஒட்டி அடக்க ஒடுக்கமாக மடங்கியிருந்த அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாசலில் பிக்கப் வந்து நின்றதும் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. சாவியை எறியப்போகிற சபதம் அக்காவின் போன் வழியாக அவன் காதுக்கும் போயிருந்தது. கியர்க்காரர் சாவியோடு இறங்கியதைப் பார்த்து ஓடி வந்தான்.

"அத்தான், மன்னிச்சுடுங்க. எனக்கே தெரியாம ஏதோ கோளாறு இருந்திருக்கு. வண்டியை நானே திருப்பி எடுத்துக்கறேன். அக்காவை மட்டும் வரவேண்டாம்னு சொல்லிடாதீங்க."

இதுதான் நேரம். கியர்க்காரரின் வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது இதுதான்:

"சரி சரி, விடு. ஆயில் மாத்தினேன், சரியாயிடுச்சு. ஆனது ஆச்சு. நான் எதையும் மனசுல வெச்சுக்கல."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே திரும்பி, தன் மனைவியிடம், "அத்தானுக்கு எவ்வளவு பெரிய மனசு பாரு" என்றான். தன்னைப் புகழ்வதை யாராவது நிறுத்தினால் தேவலை என்று கியர்க்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தார். தன் மனைவியைப் பார்த்தார். அவள் பார்வை அவருடைய இடது காலில் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அவள் போட்டு உடைத்துவிடலாம். உடைத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட அவருக்கு இருந்தது.

அவள் தம்பியின் கையைப் பிடித்தபடி உள்ளே போனாள். தம்பி கிடைத்துவிட்டான். யார் யாரை மன்னித்தால் அவளுக்கென்ன.