முப்பத்து நான்காவது பிளாட்ஃபார்ம்

என் மனைவி ஒரு பேருந்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். அலுவலகத்தில் அவளைப் 'புள்ளியம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் புள்ளி வைத்து எண் போடுவாள். கூந்தலைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்த அன்று, "இது மூணு புள்ளி ரெண்டு. பயப்படாதே, உனக்கு ஒண்ணும் மாறல" என்றாள். மகள் பிறந்து, பிரசவ அறையிலிருந்து வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "நாலு. இனிமே பழைய மாதிரி எதுவும் ஓடாது."

அவள் பொறுப்பில் இருந்தது ஒரு 'லைப்ரரி'. புத்தகம் வைப்பதல்ல, பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு கணினிக் கோப்பு. டிக்கெட் கவுன்டர், அறிவிப்புப் பலகை, முன்பதிவு என்று பதினொரு புரோகிராம்கள் அந்த ஒரே கோப்பை நம்பிப் பிழைத்தன. ஒவ்வொன்றும் காலையில் கண் விழித்ததும் அதைப் பெயரும் எண்ணும் சொல்லிக் கேட்கும்: "லைப்ரரி ஒன்று எங்கே?" கிடைத்ததை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும். உள்ளே சின்னப் பழுது பார்த்தால் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மட்டும் மாறும். கேட்பவர்களுக்கு அதே 'ஒன்று'தான். கேட்கும் முறையே மாறிவிட்டால் முன் எண் மாற வேண்டும். புதிய கோப்பு 'இரண்டு' என்று பக்கத்தில் உட்காரும், பழைய 'ஒன்று' இருந்த இடத்திலேயே இருக்கும். பழையவர்கள் பழையதைக் கேட்பார்கள், புதியவர்கள் புதியதை. யாருக்கும் சண்டையில்லை.

இந்த விதியை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் மீறினாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை.

பதிவு அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த நேரம் பன்னிரண்டரை. தவறினால் அடுத்த தேதி ஏழு வாரம் கழித்து. அதற்குள் நான் வேலைக்காகக் கடல் தாண்டியிருப்பேன். மூன்று வருடத்துக்குத் திரும்ப முடியாது. பதிவு அலுவலகம் அவள் ஊரில், நான் ஒரு மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில். மூன்று சாட்சிகள் வேண்டும். அவள் பக்கம் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், என் பக்கம் அக்காவும் தாய்மாமாவும்.

பதினோரு மணிப் பேருந்துக்கு நானும் அக்காவும் சேர்ந்து டிக்கெட் வாங்கினோம். அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

"டேய், எனக்கு முப்பத்தி மூணாவது பிளாட்ஃபார்ம். உனக்கு?"

"முப்பத்தி நாலு."

"இந்த பஸ் ஸ்டாண்டுல மொத்தமே ஆறுதானே இருக்கு?"

வழக்கமாக எங்கள் பேருந்து நிற்பது மூன்றாவதில். அங்கே போனால் பேருந்து நின்றது. உள்ளே போர் நடந்தது. ஏறியவர்கள் அத்தனை பேரிடமும் மூன்றாம் எண் இருக்கைக்கான டிக்கெட். கைக்குழந்தைக்காரி ஒருத்தி அதில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் அவள் தலைக்கு மேலே டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நியாயம் பேசினார்கள். நடத்துநர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"காலையிலேர்ந்து இப்படித்தான். நான் டிக்கெட் பார்க்கறதையே விட்டுட்டேன்."

மாமாவைக் காணவில்லை. அவர் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர். எட்டு மணிக்கே தனியாக வந்து டிக்கெட் எடுத்துவிட்டதாகப் போனில் பெருமையடித்திருந்தார். இப்போது போனை எடுக்கவில்லை. நான் அவளுக்கு அடித்தேன். பட்டுப்புடவையில், பதிவு அலுவலகத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு சந்தேகம். முப்பத்தி நாலாவது பிளாட்ஃபார்ம் எங்க இருக்கு?"



"சீட் நம்பர் என்ன போட்டிருக்கு?"

"மூணு."

"அக்காவுக்கு?"

"அவளுக்கும் மூணு. எல்லாருக்குமே மூணு."

"போச்சு" என்றாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "முதல்ல பிளாட்ஃபார்ம், அப்புறம் சீட்டுன்னு கேட்கறதை நேத்து நான் சீட் முதல்லன்னு மாத்தினேன். புது முன்பதிவுக்காரங்க கேட்டாங்க. 'ரெண்டு'ன்னு போட்டிருக்கணும். போட்டா சோதனை பார்க்க இன்னொரு நாள் ஆகும், இன்னிக்கு கல்யாணம்னு ஒண்ணு புள்ளி அஞ்சுன்னு போட்டுட்டேன். நேத்து ஓடினதெல்லாம் பழையதைப் பிடிச்சுக்கிட்டு ஓடிச்சு. காலையில எழுந்து புதுசை எடுத்திருக்கு. பழசெல்லாம் பிளாட்ஃபார்ம்னு குடுக்கறதை இது சீட்டுன்னு வாங்கிக்குது."

"அப்ப?"

"டிக்கெட்டை மாத்திப் படி. மூணாவது பிளாட்ஃபார்ம், முப்பத்தி நாலாவது சீட். மாமாவுக்கு என்ன சீட்டு?"

"முன் பக்கமா, அஞ்சுன்னு சொன்ன ஞாபகம். இல்ல, அஞ்சாவது பிளாட்ஃபார்ம்னு சொன்னார்."

"ஆறுக்குள்ள நம்பர் வந்தவங்களுக்குத்தான் ஆபத்து. அவங்களுக்கு அந்த பிளாட்ஃபார்ம் நிஜமாவே இருக்கு. ஓடு."

ஓடினேன். ஐந்தாவதில் எதிர்த்திசைக்குப் போகும் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தனை பேரும் ஐந்தாம் இருக்கைக்கு மல்லுக்கட்ட, மாமா மட்டும் மூன்றாம் இருக்கையில், போட்டியே இல்லாமல், ஜமீன்தார் மாதிரி சாய்ந்திருந்தார்.

"மாமா, இறங்குங்க. இது வேற பஸ்."

"டிக்கெட்டுல என்ன போட்டிருக்கு, படி."

"அது தப்பு மாமா."

"அச்சுல இருக்கு மாப்ள. முப்பது வருஷம் பத்திரம் எழுதினவன்கிட்ட சொல்றியா?"

"எழுதினது உங்க மருமகளாகப் போறவதான். அவளே தப்புங்கறா."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எழுதினவங்களே ஒத்துக்கிட்டா அது வேற விஷயம்" என்று எழுந்தார். அதற்குள் பேருந்து நகர ஆரம்பித்துவிட்டது. வேட்டியை மடித்துக்கட்டி அவர் குதித்ததையும், இந்தக் கையில் செருப்பு, அந்தக் கையில் மாலைப் பையோடு நாங்கள் இரண்டு பேரும் ஓடியதையும் அக்கா சாகும்வரை நடித்துக் காட்டுவாள் போலிருக்கிறது.

அதே நேரத்தில் அங்கே அவள் பட்டுப்புடவையோடு தெருவைக் கடந்து அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறாள். பக்கத்து மேசைக்காரர் கல்யாணச் சட்டையோடு பின்னாலேயே. முதலில் எல்லா நிலையங்களுக்கும் போன். நாங்கள் ஏறும்போது ஒலிபெருக்கி, "பயணிகள் கவனத்துக்கு, டிக்கெட்டில் உள்ள இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் படிக்கவும்" என்றது. ஆளாளுக்கு டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கைக்குழந்தை உட்பட. பிறகு அவள் ஒன்று புள்ளி நான்கைத் தேடி எடுத்து, 'ஒன்று' என்று கேட்டால் அதுவே போகும்படி திருப்பி வைத்தாள். புதியதற்கு 'இரண்டு' என்று பெயர் போட்டாள். பதினொரு புரோகிராம்களையும் ஒவ்வொன்றாக அணைத்து எழுப்பினாள். மேலதிகாரிக்கு ஒரு வரிக் கடிதமும் எழுதினாள்: தவறு என்னுடையது, காரணம் என் கல்யாணம்.

பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு நாங்கள் படியேறினோம். அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறினாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மாலை பையிலேயே நசுங்கியிருந்தது. பதிவாளர் பேனாவை நீட்டினார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்திக்கறீங்களாம்மா?"

"வேண்டாம் சார். இந்தப் பேரைக் கேட்டு வர்ற எல்லாருக்கும் நான் கிடைக்கணும். நேத்து ஒரு தடவை மாத்திப் பார்த்தாச்சு."

பதிவாளருக்குப் புரியவில்லை. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கும் புரிந்திருக்க வாய்ப்பில்லை.

போன மாதம், அவள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, பக்கத்து மேசைக்காரர் அவளுடைய மேசைச் சாமான்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "லைப்ரரி இப்ப ஒன்பதுல இருக்கு. ஆனா ஏதோ ஒரு சின்ன ஸ்டாண்டுல ஒரு பழைய அறிவிப்புப் பலகை, இன்னும் தினம் காலையில எழுந்து 'ஒன்று' எங்கன்னு கேட்குது."

"கிடைக்குதா?"

"புள்ளியம்மா வச்சது. யார் எடுப்பா?"