தனி நாட்டுக்கு ஒரு கையெழுத்து

ஜனாதிபதி தேர்தலில் தோற்ற கட்சிக்காரர்கள், ஓட்டு எண்ணியதில் மோசடி என்று சொல்லி டெக்சஸைத் தனி நாடாக்கக் கிளம்பிய வருடம் அது. அந்த மாநிலத்து ரவுண்ட் ராக் நகரில் நாங்கள் கிரீன் கார்டோடு, அமெரிக்கக் குடியுரிமை இன்டர்வியூவுக்குக் காத்திருந்தோம். இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

பந்தியில் அப்பளம் வரவில்லை என்று கல்யாணத்தையே நிறுத்தச் சொன்ன சம்பந்தியை நான் பார்த்திருக்கிறேன். அவர்கூட பாயசம் வந்ததும் சமாதானமாகிவிட்டார். இவர்கள் ஆகவில்லை. முந்தைய தேர்தலில் ஜெயித்தபோது ஒரே தேசம், ஒரே கொடி என்று தெருவெல்லாம் பட்டாசு வெடித்தவர்கள், தோற்றதும் கூட இருக்க முடியாது என்றார்கள். வெட்கங்கெட்டவர்கள். எதிர்வீட்டுக்காரர் இதில் முக்கியஸ்தர். நாடு பிரிந்தாலும் அவருக்குப் பென்ஷன் மட்டும் வாஷிங்டனிலிருந்து வரலாம். ஒரு சனிக்கிழமை காலை, தனி நாடு கேட்கும் மனுவோடு வீடு வீடாக ஏறினார்.

நான் கடையிலிருந்து திரும்பியபோது என் கணவர் சிரித்த முகமாக நின்றார்.

"எதிர்வீட்டுக்காரர் வந்து ஒரு சைன் கேட்டாரு. போட்டுட்டேன்."

"எதுக்குன்னு படிச்சீங்களா?"

"ஊரோட ஒத்து வாழணும்மா. நாம இந்தியா போனா அவர்தானே மெயில் எடுத்து வெக்கிறாரு?"

எங்கள் ஊரில் நோட்டும் கையுமாக யார் வாசலுக்கு வந்தாலும், கோயில் திருவிழாவோ கட்சி மாநாடோ, ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். பிஎச்டி படித்தும் இந்த மனிதருக்கு அதே புத்தி. அழகாகத் தமிழில் கையெழுத்திட்டு, அதை போட்டோ வேறு எடுத்து வைத்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே பொடி எழுத்தில், 'நான் இம்மாநிலத்தின் பதிவுபெற்ற வாக்காளர்' என்று இருந்தது.

கிரீன் கார்டுக்கு ஓட்டு கிடையாது; ஓட்டுரிமை இல்லாதவர் தன்னை வாக்காளர் என்று சொன்னால் குடியுரிமை கிடைக்காது. நாட்டைவிட்டே அனுப்பினாலும் கேட்க நாதியில்லை. சேரப்போகிற நாட்டை உடைக்க மனுப் போட்ட பெருமை தனி.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்திவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கராஜில் உட்கார்ந்திருந்தார் அந்தத் தனி நாட்டுத் தலைவர். "தெரியாமல் போட்டுவிட்டார். இவருக்கு ஓட்டே கிடையாது. தயவுசெய்து கையெழுத்தை அடித்துவிடுங்கள்" என்றேன்.

அவர் தாள்களைப் புரட்டிக் காட்டினார். என் கணவரின் கையெழுத்து மேல் ஏற்கெனவே தடிமனாக ஒரு கறுப்புக் கோடு.

"உங்கள் வாசற்படி இறங்கும்போதே அடித்துவிட்டேன். இது டெக்சஸ்காரர்களுக்கு மட்டும்" என்றார்.

"பிறகு எதற்கு வந்து கேட்டீர்கள்?"

"உங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனால் மரியாதையாக இருக்காதே."

அவர் மனுவைவிட அந்த மரியாதைதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உயிர் திரும்பி வந்தது.

"நல்லவேளை, தப்பிச்சோம்" என்றேன், தெருவைக் கடக்கும்போது.

எங்கள் வாசலுக்கு வந்ததும் கணவர் நின்றார்.

"அதுக்காக என் கையெழுத்தை அடிச்சிடுவானா?" என்றார்.