ஏறாவூரில் வாங்கிய பேஸ் கிற்றார்

மூன்று வருடங்களுக்கு முன்னால், சித்திரை விடுமுறையில், ஏறாவூரில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது.

நான் மட்டக்களப்பு டவுனில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மெதடிஸ்த ஆலயத்தில் பேஸ் கிற்றார் வாசிப்பேன். அது ஆலயத்துக்குச் சொந்தமானது. எனக்கென்று ஒன்று வாங்கினால் ஃப்ரெட்லெஸ்தான் என்று ஒரு பிடிவாதம் இருந்தது. சாதாரண பேஸின் கழுத்தில் குறுக்கே உலோகக் கட்டைகள் பதித்திருக்கும். சுரம் தன்பாட்டில் சரியாக விழும். ஃப்ரெட்லெஸ்ஸில் அவை இல்லை, வெறும் பலகைதான். விரல் கொஞ்சம் பிசகினால் சுரமும் பிசகும். சரியாக விழுந்தால் ஆள் பாடுவதுபோல வழுக்கிக்கொண்டு போகும்.

கொழும்புக் கடைகளில் விசாரித்தேன். என் சம்பளத்துக்கு எட்டாது என்று தெரிந்ததும் பழையதைத் தேடினேன். முதன்முதலாக வாங்குகிறவர் கட்டை இருக்க வேண்டிய இடங்களில் கோடு போட்டதை எடுப்பது நல்லது, கழுத்து முறுகியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் வீடியோ பார்த்துப் படித்து வைத்திருந்தேன். அந்த நேரம் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. கோடு போட்ட ஃப்ரெட்லெஸ். விலையோ நம்ப முடியாத அளவு குறைவு.

எனக்கு அப்போதே சந்தேகம் பிடித்துவிட்டது. விளம்பரம் போட்ட கணக்கில் ஆளின் முகம் இல்லை, ஒரு வயலின் படம்தான். தொலைபேசி இலக்கம் கேட்டேன். "கோல் வேணாம், மெசேஜ் போடுங்க" என்று பதில். வாசித்து ஒரு சின்னப் பதிவு அனுப்பச் சொன்னேன். "அது ஏலா. நீங்களே வந்து வாசிச்சிப் பாருங்க." ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

"கதைக்கவும் மாட்டான், சத்தத்தையும் அனுப்ப மாட்டான், விலையும் குறைய. இதில என்னமோ இருக்கு" என்றார் என் கணவர். ஆனாலும் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

ஏறாவூரில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது ஒருவர் முற்றத்தில் முதுகைக் காட்டியபடி குந்தியிருந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கேற்றடியில் நின்று மூன்று தரம் கூப்பிட்டோம். திரும்பவில்லை. வேண்டுமென்றே கேளாததுபோல் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தற்செயலாகத் திரும்பியவர் எங்களைக் கண்டதும் சிரித்தார். "வாங்க, இரிங்க" என்றார். குரல் ஒரு மாதிரித் தட்டையாக இருந்தது. உள்ளே போய் கிற்றார் பெட்டியோடு வந்தார்.

கழுத்து நேராக இருந்தது. கோடுகள் சுத்தமாக இருந்தன. குறை ஏதும் அகப்படாதது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. திருப்பிப் பார்த்தேன். தலைப்பகுதியின் பின்னால் ஏதோ பெயர் எழுதி, பிறகு சுரண்டி அழித்த தடம்.

"ஆரோ ஒராள்ற பேரச் சுரண்டியிருக்கு. இது களவெடுத்த சாமான்தான்" என்றேன் கணவரிடம். குரலைத் தாழ்த்தவும் இல்லை. அந்த மனிதர் எதிரில் அமைதியாக நின்றார். மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கள்ளன்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அப்போதுதான் அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வாசலில் நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாரோ. தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவருக்குக் காது கேக்காது, தங்கச்சி. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போயிட்டு. நீங்க சொன்னது அவருக்குக் கேக்கல்ல. எனக்குக் கேட்டிச்சி."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதில இரிந்தது அவர்ட பேர்தான். கலியாண வீடுகளுக்கெல்லாம் வாசிக்கப் போனவர். விக்கிறதெண்டு முடிவெடுத்த அண்டைக்கி அவரே சுரண்டினார். மலிவாக் குடுத்தும் ஆரும் எடுக்கல்ல. வந்த ரெண்டு பேரும் கட்டையெல்லாம் எங்க போச்சி எண்டு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

அந்த மனிதர் அதற்குள் ஒரு பழைய அம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து வயரைக் கொளுவியிருந்தார். வாசிக்கும்படி கையைக் காட்டினார். பழக்க தோஷத்தில், கட்டை உள்ள பேஸில் வைப்பதுபோல, கோட்டுக்குப் பின்னால் விரலை வைத்தேன். சுரம் தாழ்ந்து ஒலித்தது. அவர் உள்ளங்கையை அம்ப்ளிஃபையரில் வைத்தபடி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, விரல் நுனியைப் பிடித்துச் சரியாகக் கோட்டின் மேலேயே நகர்த்தி வைத்தார். சுரம் நேராகியது. அவருக்கு அது கேட்கவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். மன்னிப்புக் கேட்கத் துணிவு வரவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு கிழமை அந்தப் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. கடைசியில், நான் சொன்னதை ஒன்றும் மறைக்காமல் அவருக்கு எழுதி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "அண்டைக்கே தெரியும். உங்கட வாயப் பாத்து விளங்கிட்டன். கோபம் வந்திச்சி, இல்லெண்டு சொல்லல்ல. ஆனா வந்த ஆக்களில கழுத்தச் சரியாப் பாத்த ஆள் நீங்க மட்டும்தான். அதால குடுத்தன். தினமும் வாசிங்க."

முன்பின் தெரியாதவரிடம் ஒரு பொருளை வாங்கும்போது சந்தேகப்படுவது பிழை என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் எதிரில் நிற்கிற மனிதரிடம் ஒரு கேள்விகூடக் கேளாமல் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நா எழும்போதெல்லாம், கோபத்தை அடக்கிக்கொண்டு என் விரலைத் திருத்திய அந்தக் கை என்னைத் தடுத்துவிடுகிறது.